காலரில் தைத்த பெயர்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலைப் பிரித்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். பாப்பாவின் பிறந்தநாளுக்கு நீ தைத்து அனுப்பிய நீலச் சட்டையேதான். திருப்பி அனுப்பிவிட்டேன். போனில் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்பது சொல்வேன், கடைசியில் இரண்டு பேரும் அழுவோம். அதனால்தான் கடிதம்.

அளவெல்லாம் கச்சிதம். காலரில் அவள் செல்லப்பெயரைப் பூத்தையலில் போட்டிருந்தாயே, ஒரு பக்கம் 'குண்டு', மறுபக்கம் 'மணி' என்று, அதுதான் வினை. ஆசை ஆசையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள். புத்தகப் பையை ஒரே தோளில்தான் மாட்டுவாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? பையின் பட்டை 'மணி'யை மறைத்துவிட்டது. வகுப்பே சிரித்ததாம். "உங்க வீட்லயே எழுதி அனுப்பிட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நகவெட்டியால் அந்த எழுத்துகளைப் பிரித்திருக்கிறாள். துணியும் கிழிந்துபோயிற்று. "பெரியம்மாவும் என்னை அப்படித்தான் நினைக்கிறாங்களாம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கே சட்டையைப் பார்சல் கட்டிவிட்டேன்.

அக்கா, இவள் எடை ஏறிக்கொண்டே போகிறது. ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டேன். தட்டைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், இருப்பதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாள். நாத்தனார் வந்திருந்தபோது, "நீதான் ஊட்டி ஊட்டிக் கெடுத்துட்ட" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். இனி அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். நீயும்தான்.

தங்கை

பிப்ரவரி 15

அடியே,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை. அடுத்த கடிதத்தில் சேர்த்துப் போடுகிறேன்.

கடையில் துணி வெட்டுகிற மேஜையில் அந்தச் சட்டையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிளவுஸ் வாங்க வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். பிள்ளை எவ்வளவு ஆத்திரத்தோடு பிரித்திருக்கிறாள் என்று ஓட்டைகளைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதே உனக்கு மறந்துவிட்டதா? பிறந்த அன்றைக்குத் துண்டில் சுற்றி முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். துண்டுதான் கனத்தது, பிள்ளை கனக்கவில்லை. "குண்டுமணி அளவுதான்டி இருக்கா" என்று உன்னிடம் வந்து சொன்னேன். தட்டான் தராசில் தங்கத்துக்கு எதிரே வைப்பானே, அந்தச் சிவப்பு விதையைச் சொன்னேன். உன் வீட்டுக்காரர் உடனே, "குண்டுமணின்னாலும் தங்கம்தானே" என்றார். இத்தனூண்டுக்கு வைத்த பெயரடி அது! காலரில் இடம் போதவில்லை என்று இரண்டாகப் பிய்த்துப் போட்டது நான். பெரிய தையல்காரி, என் கையில் சூடு போட வேண்டும்.

ஆனால் அந்தப் பாதிச் சாப்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. வளர்கிற பிள்ளை. நீயாக எதையும் பண்ணாதே, நாத்தனார் பேச்சைக் கேட்டு ஆடாதே. நல்ல டாக்டரிடம் காட்டு.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்கா,

(பார், நான் போட்டுவிட்டேன்.)

கண்ணாடிக் கடையில் லீவு சொல்லிவிட்டுக் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். "ரொம்பத் திங்கிறாளா?" என்று கேட்பார்கள், திட்டு வாங்கலாம் என்று தயாராகப் போனேன். அவர் முதலில் கேட்டதே வேறு. "இவ வயித்துல இருந்தப்ப நீங்க எப்படிச் சாப்பிட்டீங்க?"

சாப்பிடுகிறதைச் செலவு செய்வதும் சேர்த்து வைப்பதும் உடம்புக்கு வயிற்றிலேயே பழக ஆரம்பிக்கிறதாம். அங்கே வரத்து குறைவாக இருந்தால், சில பிள்ளைகளின் உடம்பு சிக்கனமாகிவிடுமாம். சின்னதாகப் பிறந்து, அப்புறம் மளமளவென்று எடை போடுகிற பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்க்கிறார்களாம். "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். சம்பந்தம் இருக்கு. ஆனா இதோட எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்த மாசமெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்திட்டு வாங்க" என்றார்.

எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? கட்டிலில் மல்லாந்து கிடந்ததும், உத்தரத்தில் ஓடிய விரிசலும்தான். கூடவே இருந்தவள் நீ. எழுது அக்கா. அப்போதே நான் இவளைப் பட்டினி போட்டுவிட்டேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

தங்கை

மார்ச் 18

அன்புள்ள அன்புள்ள தங்கைக்கு,

(பாக்கியையும் சேர்த்துப் போட்டாயிற்று.)

உனக்கு மறந்தால் என்ன, எனக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. கீழே சலவைக்கடை, மாடியில் நம்முடைய ஒற்றை அறை. காலையில் அவர்கள் சோப்பைக் கரைத்ததும் வாசனை படியேறி வரும், நீ வாந்தியெடுக்க வாளியைத் தேடி ஓடுவாய். ஈரத்துணியை ஜன்னல் இடுக்கில் எல்லாம் திணித்து வைப்பேன். சோறு என்ற சொல்லைக்கூட உன் காதில் போடக் கூடாது. உள்ளே தங்கியதெல்லாம் வறட்டு ரொட்டியின் ஓரமும் ஐஸ் கட்டியும்தான். ஐஸுக்காக உன் வீட்டுக்காரர் தினமும் முக்குக் கடைக்கு ஓடுவார். திரும்பி வருவதற்குள் பாதி கரைந்திருக்கும், மனிதருக்குச் சட்டையெல்லாம் ஈரம். பால் கொடுத்தேன், பழம் கொடுத்தேன், கெஞ்சினேன், திட்டினேன். நீயும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாய், பிள்ளைக்காக. எல்லாம் வந்த வழியே போய்விடும். பட்டினி போட்டாளாம்! விழுங்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தவளை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு தரம் அப்படி எழுதினால் நேரில் வந்து உதைப்பேன்.

உன் கால்மாட்டில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பேன். நான் மிதித்தால் அவள் உள்ளே உதைப்பாள். "நிறுத்தாத அக்கா, மெஷின் ஓடினாத்தான் இவ ஆடுறா" என்பாய். தைக்கத் துணி இல்லாத நாளிலும் வெறும் மெஷினை ஓட்டியிருக்கிறேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தைத்ததில்லை.

அப்புறம் பிறந்தாளா, அவளைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று ஆளாளுக்கு ஊட்டினோம். கன்னம் உப்பியதும் உன் நாத்தனார்தான் முதலில் கை தட்டினாள், ஞாபகம் வைத்துக்கொள்.

டாக்டரம்மா சொன்னது எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் சட்டைக்கு உள்ளே துணியை மடித்துவிட்டுத் தைப்போம், பின்னால் வேண்டியிருக்கும் என்று. இவளும் உள்ளே இருந்தபோது அப்படிக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டாள் போல. கிடைத்த துணியில் கெட்டிக்காரத்தனமாகத் தைத்துக்கொண்டவளை யார் குற்றம் சொல்வது?

பித்தான் டப்பாவைக் கிளறினேன், அடியில் ஒரு குண்டுமணி கிடந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். அவளிடம் காட்டு. வாயில் போட்டுவிடப் போகிறாள், விஷம்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். உதைப்பேன் என்ற இடத்தில் சிரித்துவிட்டார். பாதிச் சாப்பாட்டை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். இவளுக்கென்று தனித் தட்டு, தனிச் சட்டம் கூடாது, வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான். சாயங்காலம் எல்லாரும் நடக்க வேண்டும். எடையைச் சட்டென்று இறக்க வேண்டாம், உயரம் வரட்டும் என்கிறார். பாவம் இவள் அப்பா, மூச்சிரைக்க எங்கள் பின்னால் வருகிறார்.

அன்று ராத்திரி தட்டு நிறையப் போட்டேன். இவள் சாப்பிடாமல் என்னையே பார்த்தாள். "சாப்பிடும்மா, அம்மாதான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன்" என்றேன். அப்புறம்தான் கையை வைத்தாள். அக்கா, பிள்ளை இத்தனை நாள் பசியோடு படுத்திருக்கிறாள். நினைத்தால் ஆறவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் சலவைக்கடை மாடிக் கதையைப் படித்துக் காட்டினேன். குண்டுமணியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். "நான் இவ்வளவுதான் இருந்தேனா?" என்று கேட்டாள். ஐஸ் கட்டியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னாள். இப்போது பேனாவைப் பிடுங்குகிறாள்.

உன் தங்கை

பெரியம்மா, அம்மா அளவு எடுத்துட்டாங்க, தனியா அனுப்புறோம். போன தடவையவிடப் பெருசுதான், பரவால்லைன்னு அம்மா சொல்றாங்க. அதே நீலத்துல இன்னொரு சட்டை வேணும். பேரைக் காலர்ல போட வேண்டாம். உள்பக்கம், நெஞ்சுகிட்ட, ஒரே வரியில சேர்த்துத் தைங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். தைக்கிறப்ப மெஷின் சத்தத்தைப் போன்ல கேக்க விடுங்க.

இப்படிக்கு,
குண்டுமணி