அலமாரிக்குப் பின்னால் இரண்டு ஆணி

1943 ஜூன் 7, திங்கள்

ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் கணக்கில் இது 2603. நம்மைக் கேட்காமலேயே அறுநூற்று அறுபது வயசைக் கூட்டிவிட்டான்.

எஸ்டேட் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது பங்களாவில் விட்டுப்போன அலமாரி எங்கள் வீட்டில் சும்மா நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மேல். உள்ளே வைக்கத்தான் துணி இல்லை. என் வேட்டி ஒன்று, மகள் குணவதி சேலை இரண்டு, மகன் மணியத்தின் கோணிச் சட்டை. அவ்வளவுதான்.

குணவதி புருஷன் வால்டர் எஸ்டேட் டிரசர், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவர். வேதக்காரப் பிள்ளை. இன்று கேட்டார்: "மாமா, ஆஸ்பத்திரிய ஜப்பான்காரன் எடுத்துக்கிட்டான். இந்த அலமாரிக்குள்ளயே எனக்கு ஒரு மேசை போட்டுக் குடுங்களேன்."

"மேசை மட்டும் போதுமா மாப்ளே? ஒரு அடுப்பும் வச்சித் தர்றேன், தனிக்குடித்தனம் போயிடலாம்."

அவர் சிரிக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் சொன்ன எதற்கும் சிரித்ததில்லை. சிரிக்காத ஆளை எப்படி நம்புவது?

ஜூன் 9

வேலை முடிந்தது. நடுத்தட்டு இரண்டையும் கழற்றினேன். ரப்பர் ஷீட் அனுப்புகிற பெட்டிப் பலகையை இடுப்பு உயரத்தில் கீல் போட்டு மாட்டினேன். இழுத்தால் மேசை, தூக்கினால் மூடி. தாங்குவதற்கு நாய்ச் சங்கிலி. நாய்தான் இல்லையே. கதவின் உள்பக்கம் மருந்துப் புட்டி செருக பழைய டயர் வார். வெளிச்சத்துக்கு மேல்பலகையில் ஒரு ஓட்டை. முப்பது வருஷம் எஸ்டேட் தச்சனாக இருந்த கை, இன்னும் நடுங்கவில்லை.

எல்லாம் ஆனபிறகு, "பூட்டு வேணும் மாமா" என்கிறார். ஒரே சாவி. கழுத்தில், சிலுவையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

மருந்துக்கு எதற்குப் பூட்டு?

பின்பலகையில் கீழே இரண்டு ஆணியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். சும்மா, ஒரு விளையாட்டுக்கு.

ஜூன் 13, ஞாயிறு

கதவைப் பாதி சாத்திக்கொண்டு எழுதுகிறார். நான் போனால் தாளைக் கவிழ்க்கிறார்.

"யாருக்கு லெட்டரு? உங்க சாமிக்கா? அவருக்கும் ஜப்பான் பாஷை வந்துடுச்சா?"

"உங்ககிட்ட சொன்னா பொழுது சாயறதுக்குள்ள சுங்கைப் பட்டாணி பசார் பூரா தெரிஞ்சிடும் மாமா. விடுங்கலா."

நேற்று ஜப்பான் ஆபீசிலிருந்து இரண்டு கை சீனி கொண்டுவந்தார். எஸ்டேட்டில் யார் வீட்டிலும் இல்லாத சீனி. எதற்குக் கொடுத்தான்?

நானும் காப்பியில் போட்டுக் குடித்தேன் என்பது வேறு விஷயம்.

ஜூன் 15

சயாமில் ரயில் ரோடு போட மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். போன தடவை போன இருபது பேரில் ஒருத்தன்கூடக் கடிதாசு போடவில்லை. கங்காணி பழனியாண்டிதான் பெயர் கொடுக்கிறான் என்று பேச்சு.

கங்காணி மட்டும்தானா?

ஜூன் 17

செய்துவிட்டேன்.

பகலில் வீட்டில் யாருமில்லை. அலமாரியை நகர்த்தி, ஆணியைப் பிடுங்கி, பலகை இடுக்கில் கையை விட்டேன். ஒரு தாள். பென்சில் எழுத்து. மேலே 'சயம்' என்று போட்டு, கீழே ஒன்பது பெயர். அடடா, படித்த மனுஷன், சயாம் என்று எழுதத் தெரியாமல் 'ய' பக்கத்தில் கால் போட மறந்துவிட்டார்! நாலாவது வரை படித்த எனக்குத் தெரிகிறது. சிரித்துக்கொண்டே படித்தேன். ஐந்தாவது பெயரில் சிரிப்பு நின்றது.

மணியம்.

சொந்த மச்சானையே எழுதிக் குடுப்பியாடா? அவன் புள்ளத்தாச்சிப் பொண்டாட்டிய தாய்வீட்டுல விட்டு வச்சிருக்கானேடா! அந்தச் சீனி இதுக்குத்தானா?

ரப்பர் தோட்டத்தில் அழிக்கவா பஞ்சம்? ஒட்டுப்பால் உருண்டையால் தேய்த்தேன். அந்த இடத்தில் 'பழனியாண்டி' என்று எழுதினேன். போய் வரட்டும் கங்காணி.

மற்ற எட்டுப் பேர்? கை அவ்வளவுதான் துணிந்தது.

ஜூன் 18

வால்டர் தாளைப் பிரித்துப் பார்க்காமலேயே ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் கொடுத்துவிட்டார். நான் பாட்டுப் பாடிக்கொண்டு உளி தீட்டினேன்.

ஜூன் 21, திங்கள்

ஆபீஸ் முன்னால் கிராணி சயாமுக்குப் போகிறவர்கள் பெயர் வாசித்தார். நாற்பது பேர். மணியம் இருக்கிறான். பழனியாண்டி பெயர் இல்லை. அவன் பக்கம் வந்த சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினான். ஏதோ புரிந்த மாதிரி கங்காணியும் இரண்டு தடவை இருமினான்.

வால்டர் வேர்த்துப்போய் வந்தார். "மணியத்தையும் எழுதினேனே மாமா! சயம்னு போட்டு. நெஞ்சுல சளி கட்டி ரத்தமா துப்புற நோவு. அதுன்னா ஜப்பான்காரன் தொடமாட்டான், ஆள விட்டுடுவான். ஒம்பது பேர காப்பாத்தலாம்னு பார்த்தேன். எப்படி மாறிச்சின்னே தெரியலியே!"

சீனி, சிப்பாய் ஒருத்தனுக்குப் புண் கட்டிவிட்டதுக்குக் கொடுத்ததாம்.

நான் எழுந்துபோய் அலமாரியைச் சுவரோடு ஒட்டத் தள்ளினேன்.

ஜூன் 22

சொல்லிட்டேன். அடிப்பாருன்னு நெனச்சேன். "ஒரு காலுதானே மாமா" என்றார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நோவுத் தாளில் ஒரு பெயர் விட்டுப்போச்சு என்று ஆபீசில் போய்ச் சொன்னார். கன்னம் வீங்கித் திரும்பினார்.

ஜூன் 23

கிராணியிடம் போனேன். "மணியத்துக்குப் பதிலா என்னை எழுதுங்க."

"கெழவன அனுப்பினா என்னைத்தான்யா அறைவான்."

"பாலத்துக்குத் தச்சன் கேட்டானாமே? நான் தச்சன்யா."

கொஞ்சம் யோசித்தார். தலை நாற்பது இருந்தால் போதும் அவருக்கு.

ஜூன் 24, வியாழன்

மணியம் மரம் வெட்டப் போய்விட்டான். அவன் பெயரை டிரசர் பேசி எடுத்துவிட்டார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவன் திரும்பும்போது லாரி போயிருக்கும்.

"கால்ல நோவுன்னு எழுதித் தரவா மாமா?" என்றார் வால்டர்.

"நீங்க எழுதவே வேணாம் மாப்ளே. இல்லாத காலை நான்தானே போட்டுப் படிச்சேன். அதுக்கு என் ரெண்டு காலும் நடக்கட்டும்."

அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கடைசியில் சிரிக்க வைத்துவிட்டேன்.

இந்த நோட்டை அவர் மேசையில் வைத்துவிடப் போகிறேன். பின்பலகையில் அந்த இரண்டு ஆணியையும் முழுசாக அடித்தாயிற்று. சுத்தியலை மட்டும் கூடக் கொண்டுபோகிறேன்.