இடது பக்க சீட்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கொஞ்சம் கழித்து வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். நம் காரின் இடது பக்க மட்கார்டில் ஒரு நீலக் கோடு இருந்தது. விரல் நீளம்தான். வண்டி துடைக்கும்போது கண்ணில் பட்டது. ஈரத் துணியால் தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகத்துக்குள் ஏறிக்கொண்டது. நம் வீட்டிலும் சரி, பட்டறையிலும் சரி, அந்த நீலத்தில் எதுவும் கிடையாது.

அப்பாவிடம் காட்டினேன். "எவனாவது உரசிட்டுப் போயிருப்பான். நிறுத்தி வச்ச வண்டின்னா எல்லாருக்கும் இளக்காரம்" என்றார். மறுநாள் பார்த்தால் கோட்டைக் காணோம். பாலீஷ் போட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறார். வண்டி துடைப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். என்னிடம் சொல்லாமல் அவரே அதைச் செய்திருந்தார்.

அதற்குப் பிறகு தெருவில் எதைப் பார்த்தாலும் எனக்கு நீலமாகவே தெரிந்தது. மாவு மில்லின் கதவு, பள்ளிக்கூட வேன், பேக்கரிக்காரர் மகனின் சைக்கிள். அந்தச் சைக்கிளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அவன் அதன் மேல் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். "என்னக்கா, பேயப் பாத்த மாதிரி நிக்கிறே?" என்று கேட்டான். சைக்கிளின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்துவிட்டேன். கடைசியில் அந்த நீலம் முக்குத் திருப்பத்தில் இருக்கும் குப்பை டிரம்மில் கிடைத்தது. நீல டிரம். நம் மட்கார்டின் உயரத்தில் ஒடுங்கி, அந்த ஒடுக்கில் நம் வண்டியின் பால்நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது. டிரம்தானே என்று பெருமூச்சு விட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. காலையில் வேனுக்காகப் பிள்ளைகள் நிற்பது அந்த டிரம்முக்குப் பக்கத்தில்தான்.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். துறைமுகத்தில் காற்று பலமாக அடிக்கும்போது கிரேன் ஆடும் என்று முன்பு சொல்லியிருந்தாய். அப்படிப்பட்ட நாட்களில் மேலே ஏறாதே. இங்கே பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு ஆஸ்பத்திரிக்கு வரிசை நாற்காலிகள் தைத்துக் கொடுக்கிறோம். ஓரப் பட்டி எல்லாம் நான்தான் தைக்கிறேன், பிசிறில்லாமல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், வகுப்பே சிரிக்கும். தையல் மெஷினிடம் அந்தத் தொல்லை இல்லை. ஒரு வாடிக்கையாளரின் சோபாவுக்குள் பூனை குட்டி போட்டுவிட்டது. அவர் வந்து பார்த்துவிட்டு, "சோபாவுக்கு மட்டும்தான் கூலி, குட்டிக்குக் கிடையாது" என்று சொல்லிப் போனார். அப்பா வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

நீ போன வாரம் போனில் அப்பாவிடம் கத்தியது எனக்கும் கேட்டது. நான் பக்கத்து மேஜையில்தான் ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா காரை வித்தீங்கன்னா நான் அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாய். "கல் நெஞ்சுப்பா உங்களுக்கு" என்றாய். அப்பா போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே கூராக இருந்த கத்தரியை எடுத்துச் சாணை பிடிக்க ஆரம்பித்தார். அவர் சொல்லாததை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் என்னால் முடியாது. போன் பட்டறைக்குள் இருக்கிறது, அப்பாவும் பட்டறைக்குள்தான் இருக்கிறார். போதாதற்கு, வாயே திறக்காத எனக்கு நீ வைத்த பட்டப்பெயரே லவுட்ஸ்பீக்கர். அதனால்தான் கடிதம்.

அண்ணா, அப்பாவுக்கு இடது பக்கம் தெரிவதில்லை.

நீ நம்ப மாட்டாய். யாருமே நம்ப மாட்டார்கள். ஊசியில் ஒரே குத்தில் நூல் கோக்கிறார். செய்தித்தாளில் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். எதிர் டயர் கடைக்காரர், "உங்க கண்ணு கழுகுக் கண்ணுண்ணே" என்று எல்லாரிடமும் சொல்கிறார். நேரே இருப்பது எல்லாம் தெரிகிறது. ஓரம்தான் தெரியவில்லை. இடது கைப்பக்கம் டீ வைத்தால் தட்டி விடுகிறார். பக்கத்திலேயே கிடக்கும் கத்தரியைக் கேட்டு என்னை ஏசுகிறார். நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டு, "இந்த வீட்டு வாசல் வர வர சுருங்குது" என்கிறார். தபால்காரர் ஒருநாள் இடது பக்கம் வந்து நின்று வணக்கம் சொல்லி, இவர் திரும்பாததால், மரியாதை தெரியாத மனுஷன் என்று கோபித்துக்கொண்டு போனார். மெழுகு டப்பாக்களுக்குப் பின்னால் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து வைத்திருக்கிறார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விட்டுக்கொள்கிறார். கேட்டால் தூசி விழுந்தது என்பார். தினமுமா விழும்?

இனி எழுதப்போவதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். நுரைப் பஞ்சு வாங்க அப்பாவோடு காரில் போனேன். வழக்கம்போல இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மாவு மில் தாண்டியதும் ஒரு சின்னப் பெண், கையில் பால் பாக்கெட்டோடு, என் பக்கமிருந்து சாலையில் இறங்கினாள். அப்பா வேகத்தைக் குறைப்பார் என்று பார்த்தேன். குறைக்கவில்லை. அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா என்று கத்த வாயைத் திறந்தேன். வரவில்லை அண்ணா. வகுப்பில் எழுந்து நின்ற மாதிரிதான். கைதான் போனது. இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

வண்டி குறுக்கே இழுத்துக்கொண்டு போய் நின்று அணைந்தது. அந்தப் பெண் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு வந்த வழியே ஓடிவிட்டாள். அப்பா முன்னால் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. "பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? வண்டிய என்னன்னு நினைச்சே?" என்று கேட்டார். அவர் நடிக்கவில்லை. அப்படி ஒரு குழந்தை அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, கை கழுவும் இடத்தில் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நாய் ஏதாச்சும் வந்துச்சாம்மா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

அதற்கு மறுநாள்தான் அவர் தொப்பிக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். பழைய கார்களாக வாங்கி வீட்டு முற்றத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பாரே, பாலத்துக்கு அந்தப் பக்கம், அவர்தான். அம்மா இருக்கும்போதே பலமுறை கேட்டவர். அப்போதெல்லாம் அம்மா, "மூத்தவள யாராச்சும் விப்பாங்களா? வேணும்னா ரெண்டாவத எடுத்துட்டுப் போங்க, தீனிச் செலவாவது மிஞ்சும்" என்பாள். ரெண்டாவது நீ. கார்தான் அவளுக்கு மூத்த பிள்ளை, நாம் அதற்குப் பின்னால் வந்தவர்கள். நீ போனில் கத்தியபோது அந்தக் குரல்தான் உன் காதில் இருந்திருக்கும். என் காதிலும் இருக்கிறது.

தொப்பிக்காரர் வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். இடது பக்க சீட்டின் கிழிசலுக்குள் விரலை விட்டு, "முதல்ல இதப் பிச்சு எறியணும்" என்றார். ஊருக்கெல்லாம் சீட் தைக்கிறவர் காரில் ஸ்பிரிங் குத்துகிறதே என்று எல்லாரும் கேலி செய்யும் சீட். மற்ற மூன்று இடத்துக்கும் உறை மாற்றிய அப்பா, அம்மா உட்கார்ந்த அந்த இடத்தில் மட்டும் ஊசி வைக்கவில்லை. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கொஞ்சம் கதவுப் பக்கமாகச் சாய்ந்த பள்ளம். அம்மா ஜன்னலில் முழங்கை வைத்து உட்காருவாளே, அதனால். நான் உட்கார்ந்தால் நானும் அப்படியே சாய்ந்துவிடுகிறேன். அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்தேன். "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்றார். கல் நெஞ்சு என்றாயே, அப்போது அவர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த கையை நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ போன் செய்தாய். அதன் பிறகு அவர் நிலையாக இல்லை. ஒருநாள் விற்கிறேன் என்கிறார். ஒருநாள், "மவனே வேணாங்கிறான், எனக்கென்ன" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வேண்டுமென்றே முக்குத் திருப்பம் வழியாகப் போகிறார், தன்னால் முடியும் என்று தனக்கே காட்டிக்கொள்வது போல. அவர் திரும்பி வரும்வரை என்னால் ஒரு தையல் போட முடிவதில்லை. தெருவில் யாராவது சத்தமாகப் பேசினால் நமக்குத்தான் செய்தி வருகிறதோ என்று எழுந்து நிற்கிறேன். வண்டி வந்ததும் மட்கார்டைத்தான் முதலில் பார்க்கிறேன். நிறம் எதுவும் இல்லையே என்று பார்க்கிறேன். எந்த நிறத்துக்குப் பயப்படுகிறேன் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொடுக்கப் போகிறாராம். மெக்கானிக் மாமா வந்து ஓட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்றார். தொப்பிக்காரர் ஆளனுப்புகிறேன் என்றார். அப்பா இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "என் கையால ஓட்டிட்டுப் போய்த்தான் குடுப்பேன். இன்னொருத்தன் ஓட்டிட்டுப் போறத என்னால நின்னு பாக்க முடியாது." ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் சந்தைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். கைப்பிடிச் சுவரை ஒட்டி, இடது பக்கமாக, ஆட்கள் வரிசையாக நடந்து போவார்கள்.

பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வா பாப்பா, பேச்சுத் துணைக்கு" என்றார். மெக்கானிக் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல ஆளப் புடிச்சீங்க! அதுக்கு அந்த ஸ்டெப்னி டயரக் கூட்டிட்டுப் போகலாம், அதாவது ஒரு சத்தம் குடுக்கும்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாலம் முழுக்க இடது பக்கத்தை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்க அவரால் முடியவில்லை. வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியாது. அண்ணா, பால் பாக்கெட்டோடு ஒரு பிள்ளை இறங்கியபோதே வராத குரல் அந்தக் கூட்டத்தில் எப்படி வரும்? நேற்றிலிருந்து மாடியில் தனியாக நின்று "அப்பா நிறுத்துங்க" என்று சொல்லிப் பழகுகிறேன். காக்கை கூடப் பறக்கவில்லை.

எனக்கும் விற்க மனமில்லை. அந்தப் பள்ளத்தில் உட்காராமல் நான் எங்கே போய் உட்காருவேன்? ஆனாலும் விற்றுவிடலாம் என்றே தோன்றுகிறது. இல்லையென்றால் நீ இங்கேயே வந்து, நீ ஓட்டு. எதுவானாலும் ஸ்டியரிங்கில் உன் கை இருக்கட்டும். அப்பா உன்னை ஓட்டவிடுவார். நீ பதினேழு வயதில் வண்டியைத் திருட்டுத்தனமாக எடுக்கக் கூடாதென்று, இன்ஜினிலிருந்து அந்தச் சின்ன ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவாரே, அதெல்லாம் பழைய கதை. வரும்போது கண் விஷயம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. லீவு கிடைத்தது, அதனால் வந்தேன் என்று சொல். அவரது இடது பக்கமாக நடந்து வா.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வராது என்று தெரியும். அதற்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னதை நான் கேட்டதாகவே வைத்துக்கொள்ளவில்லை. வந்துவிடு.

உன் அன்புத் தங்கை,
லவுட்ஸ்பீக்கர்

பின்குறிப்பு: இது மறுநாள் காலையில் எழுதுவது. கடிதத்தோடு ரெக்சின் துண்டில் சுற்றிய ஒரு பொருள் இருக்கும். பிரித்ததும் உனக்கே தெரிந்துவிடும். அப்பா எதிர்க் கடையில் டீ குடிக்கப் போயிருந்தபோது பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து, அதைக் கழற்றினேன். அது இல்லாமல் வண்டி உறுமும், கிளம்பாது. இந்த வண்டிக்கு வேறு ரோட்டர் இனிமேல் எங்கேயும் கிடைக்காது என்று மெக்கானிக் மாமா போன தடவையே சொல்லிவிட்டார். நீ கொண்டுவந்து மாட்டினால்தான் உண்டு.

அப்பா டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினார். திரும்பத் திரும்பத் திருகினார். இறங்கிப் போய் பானட்டைத் திறந்தார். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். அவர் கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. நான் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன். மூடியை மாட்டினார், பானட்டை மெதுவாக இறக்கினார், அதன் மேல் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். உள்ளே வந்து என் மேஜையில் கிடந்த கவரைப் பார்த்தார்.

"அண்ணனுக்கா?" என்றார். தலையாட்டினேன்.

"கனமா இருந்தா ஸ்டாம்பு கூட ஒட்டணும்மா" என்று சொல்லிவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போய்விட்டார்.

இன்னொரு ஸ்டாம்பு ஒட்டினேன்.