படத்தில செத்த மற்ற ஆக்கள்

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காத்து. மூண்டாம் நாள். போட்டெல்லாம் கரையில. சோத்துக்குள்ளயும் மணல். லொட்ஜுக்குத் தைக்கிற கர்ட்டின் பதினொண்டில நாலு முடிஞ்சுது. நீல நூல் வாங்கவேணும்.

காத்துக்குச் செபஸ்தி கடலுக்குப் போகேல்ல. கடலுக்குப் போகாத புருசன் டிவிக்கு முன்னால. அவர்ட தம்பி மகன் ஒரு பென்ட்ரைவ் நிறையப் படம் ஏத்திக் குடுத்திருக்கிறான். காலையில ஒண்டு, சோறு திண்டிட்டு ஒண்டு, தேத்தண்ணியோட ஒண்டு. எல்லாம் வெட்டுக்குத்து.

சோத்துக்குப் பிறகு நானும் போய் இருந்தன். வழக்கம்தானே. அரை மணித்தியாலம் போயிருக்காது, ஒருத்தனைக் கதிரையில கட்டிவைச்சு விரல் விரலா வெட்டுறாங்கள். பின்னால மேளம். வெட்டுறவன் வில்லன் இல்ல, கதாநாயகன். எழும்பிட்டன்.

"எங்க போறாய்? இதுதானே நல்ல இடம்," எண்டார் செ.

நல்ல இடமாம்.

குசினிக்குப் போய் மீன் வெட்டக் கத்தியை எடுத்தன். திருப்பி வைச்சிட்டன். இரவைக்கு முட்டைதான்.

ஜூலை 9, புதன்

காத்து அப்பிடியே. கர்ட்டின் 6.

நான் படத்தில எழும்பிப் போன கதை ஊருக்குள்ள போயிட்டுது. செ. கரையில சொல்லியிருப்பார், வேற வேலை? இண்டைக்குக் காரணம் சொன்ன ஆக்கள்:

பக்கத்து வீட்டு மெற்றில்டா: பிரஷர். உப்பைக் குறை.
கோயில் சிஸ்டர்: ஆண்டவர் மனசைத் தொட்டிட்டார்.
மகள் நிரோ, சிலாபத்தில இருந்து போனில: "வயசு போகுதம்மா, வேற என்ன."
செ.ட அக்கா: சண்டையைக் கண்ணால கண்டவள், அந்த ஞாபகம் வருது.

கடைசிக் காரணத்துக்குத்தான் கூடக் கோவம். அம்மா எங்க நாலு பேரையும் இழுத்துக்கொண்டு பேசாலை ஊரை விட்டு வெளிக்கிட்டது உண்மை. செல் விழுந்தது உண்மை. ஆனா இந்தப் படங்களை நான் ஓடி ஓடிப் பாத்தது அதுக்குப் பிறகுதான். முகாமில வாடகைக்கு வீடியோ டெக் எடுத்தா முன் வரிசை நான். கலியாணம் கட்டின புதுசில செ.ட மோட்டச்சைக்கிளில புத்தளம் தியேட்டருக்கு. எத்தினை பேர் செத்தது எண்டு விரல் மடிச்சு எண்ணுவன். விசில் அடிப்பன். முன்னுக்கு இருக்கிற ஆம்பிளையள் திரும்பிப் பாப்பாங்கள். அப்ப ஒருத்தரும் காரணம் கேக்கேல்ல.

ஒரு சனமாவது படத்தில பிழை எண்டு சொல்லேல்ல. பிழை முழுக்க என்ர உடம்பிலயாம்.

ஜூலை 10, வியாழன்

நீல நூல் இல்ல, கல்பிட்டியில முடிஞ்சுதாம். சாம்பல் நிற நூல் வாங்கினன். வெள்ளைக்காரனுக்குத் தெரியவா போகுது.

படம் பாக்க ஏலாமப் போனது ஒரு நாளில நடக்கேல்ல. ஆனா ஒரு இடம் ஞாபகம். போன வருசம் ஒரு படம். கதாநாயகன் இருவது பேரை அடிக்கிறான். அதில ஒருத்தன் கட்டம் போட்ட சேட். மாடியால விழுறான். அவன்ட பொக்கற்றைப் பாத்தன். துணியில உள்ள கட்டமும் பொக்கற்றில உள்ள கட்டமும் ஒரு கோடு பிசகாமல் பொருந்தி நிக்குது. அப்பிடித் தைக்கிறது லேசில்ல, எனக்குத் தெரியும். ஆரோ மினக்கெட்டுத் தைச்சிருக்கினம். அவன் விழுந்து செத்தான், கமரா திரும்பிப் பாக்கேல்ல. அண்டையில இருந்து நான் விழுகிற ஆக்களைத்தான் பாக்கிறன். எண்ண முடியேல்ல.

இதைச் செ.க்குச் சொன்னன். வாய் விட்டுச் சிரிச்சார். "சேட்டுக்கா அழுறாய்?"

பிறகு இன்னொண்டும் சொன்னார். "நீதானே என்னைப் பழக்கினது. நான் குடும்பப் படம் பாத்துக்கொண்டு சும்மா கிடந்தவன்."

ஓம். உண்மை. அதால இன்னும் கோவம்.

ஜூலை 12, சனி (நிரோ வீட்டில எழுதுறன்)

நிரோவுக்கு ஏழாம் மாசம். பாக்க வெளிக்கிட்டம். கல்பிட்டியில இருந்து பிரைவேட் பஸ். கருவாடு ஒரு பை, குழந்தைக்குத் தைச்ச துணி ஒரு பை. போன் செ.ட பொக்கற்றில.

பாலாவி தாண்டமுதல் படம் போட்டாங்கள். சத்தம் பஸ் ஆடுற அளவுக்கு. ஒரு தகப்பனைக் கட்டித் தூக்கிவைச்சு, மகளைப் பாக்கவைச்சு அடிக்கிறாங்கள். பஸ்ஸில கைப்பிள்ளைக்காரி ரெண்டு பேர், ஒரு மௌலவி, பள்ளிக்கூடப் பிள்ளையள். ஒருத்தரும் கதைக்கேல்ல.

கொண்டக்டரைக் கூப்பிட்டன். நாப்பது வயசு ஆள், மரியாதையாத்தான் கதைச்சார்.

"தம்பி, இதை நிப்பாட்டுங்க."

"எல்லாரும் பாக்கிறாங்கம்மா."

"சத்தத்தையாவது குறையுங்க."

"படம்தானேம்மா. உண்மையா அடிக்கிறாங்களா?"

செ.ட முழங்கையைத் தட்டினன். "இஞ்சருங்கோ, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கோ." அவர் டிவியையும் பாக்கேல்ல, என்னையும் பாக்கேல்ல. மடியில இருந்த கருவாட்டுப் பையைப் பாத்தார். "கொஞ்சம் பொறு. சனம் பாக்குது."

மதுரங்குளியில பெல் அடிச்சு இறங்கிட்டன். அவரும் இறங்குவார் எண்டு நினைச்சன். பஸ் போயிட்டுது. போன், பை, புருசன், எல்லாம் பஸ்ஸில.

கலியாணம் கட்டி முப்பத்தொரு வருசம். ஒரு வார்த்தை கேட்டன்.

சந்தியில ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரப் பொம்பிளை கதிரை இழுத்துப் போட்டா. "இருங்க தாத்தா. ஏன், சுகமில்லயா?" முஸ்லிம் ஆக்கள்ட பேச்சில தாத்தா எண்டா அக்கா. நடந்ததைச் சொன்னன். இவவும் பிரஷர் எண்டு சொல்லப்போறா எண்டு காத்திருந்தன். சொல்லேல்ல. "எங்கட ஊட்டிலயும் இதான். வெட்டுற சத்தம் கேட்டாத்தான் மனுசனுக்குச் சோறு எறங்குது. நான் பின்னால போய்க் கோழியோட நிப்பன்," எண்டா. இஞ்சித் தேத்தண்ணி தந்தா. அவவிட போனில செ.ட நம்பருக்கு அடிச்சம். ஆள் எடுக்கேல்ல.

ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசம். புத்தளம் போற பஸ்ஸால இறங்கி வந்தார், ரெண்டு பையோட. முகம் சிவந்து. மன்னிப்புக் கேக்கப்போறார் எண்டு நினைச்சன்.

"அந்தத் தகப்பன் சாகேல்ல," எண்டார். "கடைசியில தப்பிட்டார். மகளும் தப்பிட்டா."

எனக்கு ஆறுதலாம். படம் முடியும் மட்டும் இருந்து பாத்து, ஆறுதல் கொண்டுவந்திருக்கிறார்.

"மற்ற ஆக்கள்?"

"எந்த மற்ற ஆக்கள்?"

கடைக்காரி முகத்தை மறுபக்கம் திருப்பிட்டா. சிரிச்சிருப்பா.

சிலாபம் போற பஸ்ஸில ரெண்டு பையையும் எங்களுக்கு நடுவில வைச்சன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போனம். நிரோவுக்குக் கால் வீக்கம், மற்றப்படி சுகம். பிள்ளை உதைக்குது, கை வைச்சுப் பாத்தன்.

காலைச் சாப்பாட்டில செ. பஸ் கதையைச் சொன்னார். நான் பெல் அடிச்ச மாதிரி அபிநயம் பிடிச்சு. எல்லாரும் சிரிச்சினம். நிரோவும். "அம்மா, அது ரத்தம் இல்ல, சோஸ்." எனக்குச் சோஸ் தெரியாதாம். இவள் பிறக்க முதலே நான் அதில பட்டம் எடுத்தவள்.

சோத்துக்குப் பிறகு மருமகன் மரியாதைக்காக ஒரு புதுப்படம் போட்டார். "மாமாவுக்குப் பிடிக்கும்." படம் தொடங்கின உடன வாள். நான் எழும்பமுதல் செ. சொன்னார்: "வேண்டாம் மகன், எனக்குத் தலையிடி."

தலையிடி ஒண்டும் இல்ல. அந்த ஆள் தலையிடிக்கிற நாளில கட்டில்ல இருந்து எழும்பாது. பின் முற்றத்தில பிடிச்சுக் கேட்டன், ஏன் பொய் எண்டு.

"உனக்காகத்தானே."

"எனக்காக எண்டா எனக்காக எண்டு சொல்லவேணும். இல்ல, படம் சரியில்ல எண்டு சொல்லவேணும். தலையிடி என்ன தலையிடி?"

வாசல்பக்கம் எட்டிப் பாத்தார். "மருமகனுக்கு முன்னால ஆம்பிளை அப்பிடிச் சொன்னா என்ன நினைப்பார்?"

அப்பிடி எண்டா எப்பிடி நினைப்பார் எண்டு கேட்டன். உடுப்பு எடுக்க உதவி செய்யிற மாதிரிக் கொடிப்பக்கம் போயிட்டார். காயாத சாரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

கோவம் குறையேல்ல. ஆனா கோவத்துக்குள்ள ஒரு சந்தேகம்: உண்மையா எனக்காகத்தானா?

ஜூலை 14, திங்கள்

வீட்டுக்கு வந்தாச்சு. வழியில நடந்தது.

சிலாபத்தில பஸ் ஏறினம். வேற பஸ், வேற கொண்டக்டர். முந்தல் வரமுதல் படம். துவக்குச் சூடு, ஆஸ்பத்திரிக்குள்ள. நான் கையைக் கட்டிக்கொண்டு யன்னலைப் பாத்தன். கேக்கிறதில்ல எண்டு முடிவு. ஒருக்காக் கேட்டாச்சு.

செ. எழும்பினார். கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு முன்னுக்குப் போனார். பின்னால இருந்தே கேட்டுது:

"தம்பி, படத்தை நிப்பாட்டுங்க. மனுசிக்குச் சுகமில்ல."

பிறகும் நான். பிறகும் என்ர உடம்பு. இருந்த இடத்தில எழும்பி நிண்டு சொன்னன், பஸ் முழுக்கக் கேக்க: "எனக்கு நல்ல சுகம். ஒரு வருத்தமும் இல்ல."

எல்லாத் தலையும் திரும்பிச்சுது. கொண்டக்டர் என்னைப் பாத்தார், அவரைப் பாத்தார். "அப்ப ஆருக்கு ஐயா பிரச்சினை?"

செ. கம்பியில தொங்கிக்கொண்டு நிண்டார். பஸ் ஒரு பள்ளத்தில விழுந்து எழும்பிச்சுது. படத்தில ஆரோ கத்துறாங்கள்.

"எனக்கு," எண்டார். "எனக்குத்தான். என்னால பாக்க ஏலாது."

பின் சீற்றில ஒருத்தன் சிரிச்சான். கொண்டக்டர் படத்தை நிப்பாட்டினார். செ. திரும்பி வந்து பக்கத்தில இருந்தார். காது சிவந்திருந்தது. எனக்கு முகம் காட்டேல்ல, ரோட்டைப் பாத்துக்கொண்டிருந்தார்.

எப்ப இருந்து ஏலாமப் போச்சுது எண்டு கேக்க நினைச்சன். கேக்கேல்ல. கல்பிட்டி வரைக்கும் பஸ்ஸில இஞ்சின் சத்தம் மட்டும்தான்.