கரடி விரட்டும் டப்பா

அபிராமபுரம், சென்னை
9-11-1996

அன்புள்ள சாருலதாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சௌக்கியமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், கனடா குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் தம்பி சாய்சரணுக்குத் திருவல்லிக்கேணியில் நல்ல இடம் அமைந்து கார்த்திகையில் நிச்சயதார்த்தம் என்று பேசி வைத்திருக்கிறோம், அந்த நேரம் பார்த்துத்தான் உன் தங்கை ஜானு இப்படிச் செய்து வைத்தாள். போன ஆடியில் நீ வந்தபோது அவளிடம் ஒரு சிவப்பு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். உங்கள் ஊரில் மலைக்குப் போகிறவர்கள் கரடி வந்தால் முகத்தில் அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரேயாம், பழைய ஜீன்ஸுக்குள் சுருட்டிப் பெரிய பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாயாம். உன்னோடு போனில் ரொம்ப நேரம் பேசினாள் என்று மாப்பிள்ளை ஸ்ரீவத்சன் கை நீட்டியிருக்கிறார், இரண்டாவது அடி விழுவதற்குள் இவள் அதை எடுத்து அவர் முகத்தில் அடித்துவிட்டாள். கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நல்லவேளை பார்வைக்கு ஒன்றும் இல்லை. இவள் செருப்புகூடப் போடாமல் இங்கே வந்து நின்றாள்.

உதடு கிழிந்திருந்தது, அதெல்லாம் ஆறிவிடும், கட்டினவன் கண்ணைக் கெடுக்கப் பார்த்தவள் என்ற பேர் ஆறுமா. திருவல்லிக்கேணி சம்பந்தி வீட்டார் காதில் விழுந்தால் சாய்சரண் கதி என்ன. மறுநாளே நானே ஆட்டோ பிடித்து அடையாறில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மாப்பிள்ளை காலில் விழச் சொன்னேன், விழுந்தாள். அவர் அம்மா, "இனிமே இவ ரூமுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது" என்று சொல்லி என் கண் முன்னாலேயே ஆளை விட்டுக் கழற்ற வைத்தாள். அவர்கள் பயம் அவர்களுக்கு என்று காபி குடித்துவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை இரண்டு டப்பா கொண்டுவருவதாக அப்பாவிடம் போனில் சொன்னாயாம். மாடி வீட்டுச் சண்முகசுந்தரம் விமானக் கம்பெனி ஆபீசில்தானே இருக்கிறார், கேட்டேன். "கைப்பையிலயும் கூடாது, கீழ ஏத்தற பெட்டியிலயும் கூடாது மாமி, மேல போய் லீக் ஆச்சுன்னா அத்தனை பேருக்கும் மூச்சு முட்டும்" என்றார். நீ இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம். உன் பேரையும் நீ வருகிற தேதியையும் சொல்லிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். "பெத்த பொண்ணுக்கா மாமி?" என்று தயங்கினார், நான் விடவில்லை, உங்கள் ஊர் விமான நிலையத்துக்கு டெலக்ஸ் அடித்தாகிவிட்டது.

நேற்று ஜானுவிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அழவில்லை. "அப்போ அக்காவை வரவே வேண்டாம்னு எழுதிடும்மா" என்றாள். எழுதிவிட்டேன். நீ அதைப் பொருட்படுத்தாதே, மூத்தவள் இல்லாமல் நிச்சயதார்த்தம் நடந்தால் நாலு பேர் கேட்பார்கள். மாப்பிள்ளையோடு அவளும் வருவாள், தனியாகக் கூப்பிட்டுப் பேசி வைக்காதே. மறக்காமல் மெரூன் பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு வா. நீடூழி நன்றாக இரு.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
சீதா