கூடை வைத்தல் கூடாது

காரைக்கால்

அன்பு மகன் ஜாக்சனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நான், அப்பா, உன் மனைவி ஜெனிஷா மூவரும் சுகம், அங்கே பிரான்சில் உன் சுகத்துக்கும் மாதாவிடமே சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் போனில் பார்க்கிறோமே, இதென்ன தாளும் பேனாவும் என்று சிரிப்பாய். போனில் பேசினால் ஜெனிஷா காதில் விழும், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் எதிர்வீட்டு இக்பாலிடம் வெங்காய வடகத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். வடகத்தை ஒருமுறை வெயிலில் காட்டு, அங்கே வெயில் என்று ஒன்று இருந்தால்.

முதலில் உன் அப்பா செய்த கூத்தைக் கேள். ரிட்டயர் ஆகியும் ஆபீஸ் அவரை விடவில்லை. கேட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்த கையோடு, "வாசலில் வண்டி நிறுத்துதல், படியில் அமர்தல், கூடை வைத்தல் கூடாது" என்று ஒரு போர்டு எழுதி மாட்டிவிட்டார். மறுநாளிலிருந்து மீன்காரப் பூங்கொடி நம் வாசலில் நிற்காமலே போகிறாள். நீ ஸ்கூலுக்குப் போன காலத்திலிருந்து நம் படியில் உட்கார்ந்துதானே மீன் ஆய்ந்து கொடுப்பாள். ஒரு வாரம் முழுக்க முட்டையும் கத்திரிக்காயும்தான், உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைத்தெருவில் பார்த்து என்ன பூங்கொடி என்று கேட்டேன். "போர்டுல பேரு போடலன்னா என்னக்கா, உங்க தெருவுல கூடை வெக்கிறது நா ஒருத்திதானே, அய்யா நேர்ல சொல்லியிருந்தா நானே ஓரமா வெச்சிருப்பேன்" என்றாள், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. வந்து சொன்னதும், பொதுவாகத்தானே எழுதினேன் என்று அப்பா முனகினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, காலையில் போர்டைக் கழற்றிவிட்டு வாசலிலேயே காத்து நின்று, "பூங்கொடி, நீ வந்தாத்தாம்மா இந்த வீட்ல கொழம்பு கொதிக்குது" என்றார். அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு. கூடை இறங்கிவிட்டது. படியில் மீன் தண்ணீர் படாமல் இருக்க இப்போது அந்தப் போர்டுதான் கூடைக்கு அடியில் கிடக்கிறது.

இதை ஏன் உன்னிடம் அளக்கிறேன் என்றால், உன் மெசேஜ்களை ஜெனிஷா காட்டினாள். பிரெஞ்சு கிளாஸை விடாதே, பேப்பரை ஸ்கேன் செய், டிக்கெட் தேதியைச் சொல், உடனே பதில் போடு. ஆபீஸ் பையனுக்குக்கூட இப்படி எழுதமாட்டார்கள் ராஜா. விசா வந்த பிறகும் அவள் டிக்கெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டதற்கு, "அங்க அவருக்கு நா வேணுமா, சொன்னதச் செய்ய ஒரு ஆளு வேணுமான்னு தெரியல அத்தை" என்றாள். அவள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்று என்னிடம் புலம்புகிறாயே, அதை அவளுக்கு ஒருமுறையாவது எழுதினாயா? "வா" என்பதை யாரும் எழுதிவிடலாம், "நீ வந்தால் நன்றாயிருக்கும், உனக்கு எப்போது தோதுப்படும்" என்று கேட்பதற்குத்தான் புருஷன் வேண்டும். தருமபுரத்தில் அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் இருக்கிறது, அதை முடித்துவிட்டுக் கிளம்பலாமா என்ற யோசனையும் அவளுக்கு உண்டு. நீ கேட்டால்தானே சொல்வாள்.

இத்தனையும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் நானும் காட்டு, கேள் என்று உன்னை விரட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் பெற்றவள், எனக்குச் செல்லும். உனக்கு அவளிடம் செல்லாது.

மாதா உங்கள் இருவரையும் சீக்கிரம் ஒரே கூரைக்குக் கீழே சேர்த்துக் காப்பாளாக. ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. ஒன்று மறந்துவிட்டேன், அவளுக்கென்று வாங்கிய பெரிய பெட்டி இன்னும் பரண் மேல்தான் இருக்கிறது. இறக்கித் தரட்டுமா என்று அப்பா கேட்டார், இப்போது வேண்டாம் மாமா என்றுவிட்டாள். அப்பாவுக்கு ஏணி இருக்கிறது, ஆனால் அந்தப் பெட்டியை நீதான் பிரான்சில் இருந்தபடியே இறக்க வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா