ஆறாம் எண் உருண்டை

கொமொதோரோ, 3 மே 1987

என் கறுப்பிக்கு,

நான் நலம். இந்தத் தெற்குக் கோடியில் எண்ணெய்க் கிணற்று வேலை நிரந்தரமாகிவிட்டது. கம்பெனி இரண்டு அறை வீடும் கொடுத்திருக்கிறது. காற்றடித்தால் கூரை சத்தம் போடும், ஆனால் பறக்காது. பகலெல்லாம் இறைச்சி ஆலை, மிச்ச நேரமெல்லாம் சட்டப் படிப்பு என்று ஒன்பது வருடமாக உன்னையே உருக்கிக்கொண்டிருக்கிறாய். போதும். இரண்டையும் விட்டுவிட்டு வா. என்னோடு வேலை செய்கிறவன் சொல்கிறான்: "புருஷன் எங்க இருக்கானோ அங்கதான் பொண்டாட்டி இருக்கணும். சட்டமே அப்படித்தான்யா!" படித்தவள் நீ. பொய்யென்றால் சொல்.

வழி பார்த்திருக்கும்,
ஹசிந்தோ

ரொசாரியோ, 17 மே 1987

என் குண்டனுக்கு,

பொய்யில்லை. குடும்பச் சட்டக் குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. பட்டத்துக்கு மிச்சமிருப்பதும் அந்த ஒரு பாடம்தான்.

காலை ஆறிலிருந்து மூன்று வரை ஆலை. வகுப்பு இரண்டு மணிக்கு. அதனால் பேராசிரியை முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. வெளி மாணவியாகத்தான் பரீட்சைக்குப் போகப்போகிறேன். யாரோ படித்து முடித்து விற்ற குறிப்புகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஆலைக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். பக்கத்து மேசை தெல்ஃபினா கேள்வி கேட்பாள், நான் கொழுப்பு சீவிக்கொண்டே பதில் சொல்வேன். மேஸ்திரி வந்து, "வக்கீலம்மா, மாட்டை வெட்டுறியா, சட்டத்தை வெட்டுறியா?" என்றார். "ரெண்டையும்தான். கத்தி ஒண்ணுதானே!" என்றேன்.

ஜூலை பத்தாம் தேதி பரீட்சை. தேறினால் பட்டத்தோடு வருகிறேன். தோற்றால் வாய் பேசாமல் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன். இது என் வாக்கு.

உன்
எடெல்மிரா

ரொசாரியோ, 11 ஜூலை 1987

ஹசிந்தோ,

தோற்றுவிட்டேன். பத்துக்கு இரண்டு.

வாய்மொழிப் பரீட்சை, கேள்வி கேட்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் கம்பிக் கூண்டு, உள்ளே பாட எண் போட்ட உருண்டைகள். சுற்றிவிட்டு இரண்டு எடுத்தேன், முதலில் ஆறு வந்தது. தம்பதி எங்கே வசிப்பது என்பதுதான் ஆறாம் பாடம். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். கணவன் குறிக்கும் இடத்தில் மனைவி வாழக் கடமைப்பட்டவள் என்று கடகடவென்று ஒப்பித்தேன். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் காலத்துக் குறிப்பும்மா இது? போன மாசமே அந்தச் சட்டம் செத்துப் போச்சு. இப்போ ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணணும். வகுப்புக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரியுமே!"

வகுப்பு நடந்தபோது நான் எலும்பு பிரித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் அழுதேன். பாதி வழியில் நிறுத்திவிட்டேன். அந்த அம்மாள் சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். செத்துப்போன சட்டத்துக்குப் பயந்து கொடுத்த வாக்கு அது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் வரவில்லை. வேலையையும் விடமாட்டேன், படிப்பையும் விடமாட்டேன். டிசம்பர் பதினாறில் மறுபடி பரீட்சை. கடைசிப் பரீட்சை தேறியவர்கள் தலையில் வீட்டார் கொண்டாட்டமாக முட்டை உடைத்து மாவு கொட்டுவார்களே, நீ வாசலில் வந்து நில். என் தலையில் அது உன் கையால் உடைபட எனக்கு ஆசை.

எடெல்மிரா

கொமொதோரோ, 2 ஆகஸ்ட் 1987

எடெல்மிரா,

வாக்கு வாக்குதான். சட்டம் மாறினால் வாக்கும் மாறுமா? உனக்கென்று அடுப்பு வாங்கி வைத்திருக்கிறேன், நான்தான் அதில் மாத்தே இலைத் தேநீருக்குத் தண்ணீர் சுடவைத்துத் தனியாகக் குடிக்கிறேன். "உன் பொண்டாட்டி மாட்டைக் கட்டிக்கிட்டாளா, புத்தகத்தைக் கட்டிக்கிட்டாளா?" என்று இங்கே சிரிக்கிறார்கள். டிசம்பருக்குள் வா. இல்லையென்றால் எனக்கு மனைவி இல்லை என்று எண்ணிக்கொள்கிறேன். முட்டை உடைக்க வேறு ஆளைப் பார்.

ஹசிந்தோ

ரொசாரியோ, 17 டிசம்பர் 1987

ஹசிந்தோ,

தேறிவிட்டேன். எட்டு.

பரீட்சைக்கு லீவு தரமாட்டேன் என்றார் மேஸ்திரி. எந்தச் சட்டத்தில் எத்தனை நாள் உண்டு என்று எழுதி அவர் மேசையில் வைத்தேன். கொடுத்துவிட்டார்.

இந்த முறை மூன்றும் பதினொன்றும் வந்தன. இரண்டையும் முடித்து எழுந்தபோது பேராசிரியை, "உட்காரும்மா. ஆறை நானே எடுக்குறேன்" என்றார். ஒரு சொல் விடாமல் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் ஒத்து வரலைன்னா?" என்று கேட்டார். அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

வாசலில் ஒரே கூச்சல். ஒவ்வொருவருக்கும் அம்மா, தம்பி, காதலன் என்று கை நிறைய முட்டையோடு நின்றார்கள். தெல்ஃபினாவுக்கு ஷிஃப்ட். உன்னைத் தேடவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு தடவை தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். பிறகு எதிர்க் கடையில் இரண்டு முட்டை வாங்கி வந்து, படிக்கட்டில் நின்று, என் தலையில் நானே உடைத்துக்கொண்டேன். யாரோ ஒருவனின் அம்மா, "அடியே, மாவு இல்லாம எப்படி?" என்று ஓடி வந்து ஒரு பிடி கொட்டினாள். அப்படியே பஸ் ஏறினேன். டிரைவர் டிக்கெட் கேட்கவில்லை.

வசிக்கும் இடத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்யவேண்டும். என் பாதியைச் சொல்லிவிட்டேன்: ரொசாரியோ. பேசவேண்டுமென்றால் அடுப்பையும் தூக்கிக்கொண்டு வா, கதவு திறந்திருக்கும். மனைவி இல்லை என்றே எண்ணிக்கொள்வதானால், அதற்கும் இந்த வருடம் விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. வெறுமனே எண்ணினால் போதாது, ஒரு வக்கீல் வேண்டும். எனக்கு ஒருத்தியைத் தெரியும். மூன்று மணிக்கு மேல் வா. அதுவரை ஆலையில் இருப்பாள்.

வக்கீல் எடெல்மிரா