மர விமானத்துல ஒரு நாற்காலி

முனிர்கா, டில்லி
டிசம்பர் 1974

கேப்டன் ராமசுப்ரமணியன் சாருக்கு, ஒர்க்‌ஷாப் ஆசாரி பெரியண்ணன் வணக்கம் சொல்லிக்கிறேன். நல்லா இருக்கீங்களா சார்? உங்க அம்மா காமாக்ஷியம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி முத்தம்மா எழுதுறா. தப்பிருந்தா அவளை வையுங்க.

இங்க குளிரு ஏறிப்போச்சு. இவ ரெண்டு ஸ்வெட்டரு போட்டும் நடுங்குறா. ஸ்வெட்டருன்னதும் ஞாபகம் வருது, நம்ம மல்ஹோத்ரா கேப்டன் செவப்பு ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு கேன்டீன்ல உங்களப் பத்தி என்ன பேச்சு பேசுனாரு! அந்த மதராஸிய இட்லி திங்கச் சொல்லு, பிளேன் ஓட்ட வேணாம்னாரே, அவரேதான்.

விஷயத்துக்கு வர்றேன். எறங்கித் தரையில ஓடிக்கிட்டிருக்கும்போதே, இறக்கை மடிப்ப, அதான் ஃபிளாப்ப, ஏத்துறதா நெனச்சு நீங்க சக்கரத்த மடக்கி, பிளேன் வயிறு தேய்ஞ்சு நின்னுச்சே. யாருக்கும் ஒரு கீறல் இல்ல, சாமி காப்பாத்துச்சு. அதத்தான் எஞ்சினியர் சேஷன் சார் தோண்டுறாரு. பழைய பிளேன்ல சக்கரத்துக் கைப்பிடி வலது பக்கம், புதுசுல இடது பக்கம், மடிப்புக் கைப்பிடி அதுக்கு நேர் மாறா, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. இது ஆள் தப்பா, வச்ச எடத்துத் தப்பான்னு கேக்குறாரு.

என்னைய விட்டு, பெட்டிப் பலகையில புது பிளேன் மாதிரியே ஒரு மர விமானம் செய்யச் சொன்னாரு. பழைய பிளேன் ஓட்டுனவங்கள ஒவ்வொருத்தரா ஒக்கார வச்சு, மடிப்ப ஏத்துன்னு திடீர்னு கத்துனாரு. மல்ஹோத்ரா சிரிச்சுக்கிட்டேதான் கைய நீட்டுனாரு. சக்கரத்தத்தான் இழுத்தாரு சார்! சிரிப்பு போச்சு. டீகூடக் குடிக்கல. அப்புறம் அவரே என்னைக் கூப்பிட்டு, அந்தப் பையனுக்கு எழுது, வரச் சொல்லுன்னாரு.

இனிமே நம்ம கம்பெனி பிளேன் எல்லாத்துலயும் ஒரே எடமாம். சக்கரத்துக்கு உருண்டைக் குமிழு, மடிப்புக்குத் தட்டைக் குமிழு. பாக்காமலே கைக்குத் தெரியும். யோசனை சேஷன் சாரோடது, செதுக்குறது மட்டும் நான். வீட்டுல சப்பாத்திக் கட்டை ஒடைஞ்சு கெடக்கு, ஊரு பிளேனுக்குச் செதுக்குறியாங்குறா இவ.

நீங்க மாமாவோட பேங்குல சேரப்போறதாக் கேள்விப்பட்டேன். வேணாம் சார். அடுத்த மாசம் விசாரணை. வரலைன்னா பயந்து ஓடிட்டீங்கன்னு எழுதிருவாங்க. அந்த மர நாற்காலியில நீங்க ஒரு தடவ ஒக்காந்து பாத்துச் சொல்ற வரைக்கும் புதுக் குமிழுக்கு ஆணி அடிக்க வேணாம்னு சேஷன் சார் நிறுத்தி வச்சிருக்காரு. ஸ்டேஷனுக்கு நானே வர்றேன், நம்ம வீட்லயே தங்கிக்கலாம், அப்புறம் சார், இன்னொண்ணு, உங்க கைமேல எனக்கு அன்னிக்கும்... இருங்க, வாசல்ல ஜீப்பு. பெரியண்ணா ஜல்தி ஆவோ, சீக்கிரம் வான்னு டிரைவர் கத்துறான். முத்தம்மா, நீ எழுதிக்கிட்டே இரு, அன்னிக்கும் சரி இன்னிக்கும் சரி, எனக்கு ஒரு சந்தேகமும்... அவரு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு சார், இப்படிக்கு முத்தம்மா.